டைனோசர் பொம்மைக்கு எத்தனை விரல்?

2013ஆம் ஆண்டு மாசி மாதம். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து முடித்து நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கிளிநொச்சி மாவட்டத்தில் மீள்குடியேறிய ஒரு கிராமத்தில், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தில் தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கட்டடம் என்றால் அரைச்சுவரும் தகரக் கூரையும்தான். வகுப்புக்கு வந்த பெண்கள் பதினெட்டுப் பேர். அவர்களில் பதினொரு பேர் தனித்து நின்று குடும்பத்தை நடத்துபவர்கள். பிள்ளைகளை விட்டுவர வீட்டில் ஆள் இல்லை என்பதால் பிள்ளைகளும் கூடவே வந்தார்கள். அவர்களுக்காக ஒரு மூலையில் பாய் விரித்து, மணல் நிரப்பிய மரத்தட்டு ஒன்றையும் விளையாட்டுப் பொருட்களையும் வைப்பது என் பொறுப்பாக இருந்தது.

வெளிநாட்டிலிருந்து வந்த உதவிப் பொருட்களில் எங்களுக்கு ஒரு மட்டைப்பெட்டி கிடைத்தது. பந்து, பாவைப்பிள்ளை, சின்னக் கார் ஏதாவது இருக்கும் என்ற எண்ணத்தில் திறந்தேன். பெட்டி முழுக்க டைனோசர்! யாரோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வளர்ந்து பெரியவனானதும் வீட்டைத் துப்புரவாக்கிய தாய் அள்ளிப் போட்டிருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தேன், 27.

முதல் எதிர்ப்பு அன்றைக்கே வந்தது. முன்வரிசை மெஷினில் இருந்த அக்கா ஒருவர் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏன் தங்கச்சி, உவையளுக்கு விளையாட ஒரு ஆடு மாடு கிடைக்கேல்லையோ? பல்லைப் பார்த்தாலே பயமா இருக்கு. இந்தப் பிள்ளையள் பார்த்தது காணாதே?"

அது நியாயமான கேள்வி. நான் பயிற்சியில் படித்ததை ஒப்புவித்தேன். மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் முதலாம் உலகப் போருக்குப் பின் போலந்தில் நிவாரணப் பணி செய்தவர். 1928இல் இலண்டனில் பிள்ளைகளுக்கான சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் தம் ஆண்பிள்ளைகளோடு தரையில் விளையாடிய விளையாட்டுகளைப் பற்றி 1911இல் எழுதிய சிறு புத்தகம் அவருக்கு நினைவிருந்தது. அதை மனதில் வைத்து மணல் தட்டும் சின்னஞ்சிறு பொம்மைகளும் சேர்த்து வைத்தார். பிள்ளைகள் அதற்குத் தாங்களே 'உலகம்' என்று பெயர் வைத்தார்கள். வாயால் சொல்ல முடியாததைப் பிள்ளை அந்த மணலில் கட்டிக் காட்டும் என்பது அவருடைய அனுபவம். பெரியவர்கள் தங்கள் அர்த்தத்தை அதன்மேல் ஏற்றக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார்.

அக்கா பொறுமையாகக் கேட்டார். "சரி, வையுங்கோ பார்ப்பம்" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்கத் தொடங்கினார்.

அவருடைய மகனுக்கு அப்போது ஆறு வயது. அதிகம் பேசாத பிள்ளை. அவன்தான் பெட்டியோடு முதலில் ஒட்டிக்கொண்டான். மூன்று நாலு டைனோசர்களை மணலுக்குள் புதைப்பான். பிறகு ஈர்க்குத் துண்டால் மெல்ல மெல்லக் கிளறி வெளியே எடுப்பான். மறுபடியும் புதைப்பான். நான் என் அறிக்கையில் 'மரணம், புதைத்தல் ஆகியவற்றை மீள நிகழ்த்துகிறான், மேலதிக கவனிப்புத் தேவை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். லோவன்ஃபெல்ட் செய்யாதே என்று சொன்னதைச் செய்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து அக்காவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "அவன் மாமி வீட்டு ரீவியில பார்த்தவன் தங்கச்சி. வெள்ளைக்காரர் தூரிகையால தட்டித் தட்டி எலும்பு கிண்டி எடுக்கினம். அதைத்தான் செய்யிறான்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த மாத அறிக்கையில் திருத்தி எழுதினேன். அதன்பிறகுதான் இந்தப் பொம்மைகளை நானும் ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன். பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் இருந்தால் அவனோடு எதைப் பேசுவது?

மூன்று விரலும் இரண்டு விரலும்

பொம்மையை எடை போடுவதில் எனக்குக் குரு அந்த அக்காதான். அவருக்கு டைனோசரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தைக்கிறவர்களுக்கு ஒரு கண் இருக்கிறது. இடது கையும் வலது கையும் சமமா, பொருத்து எங்கே ஓடுகிறது, அளவு எங்கே பிழைத்தது என்று பார்த்தவுடன் பிடித்துவிடுவார்கள்.

பெட்டியில் ரைரனோசோரஸ், அதாவது பிள்ளைகள் 'ரீ ரெக்ஸ்' என்று சொல்வது, இரண்டு இருந்தன. வற்றாப்பளைப் பொங்கலில் ஒரு திருவிழாக் கடையிலிருந்து நான் வாங்கிவந்த பொலித்தீன் பையில் இன்னொன்று இருந்தது. மூன்றையும் வரிசையாக வைத்த அக்கா, "இதில ஆருக்குச் சரியான கை? ஒண்டுக்கு மூண்டு விரல், மற்றதுகளுக்கு ரெண்டு" என்றார். எனக்குத் தெரியவில்லை. கிளிநொச்சிக்குப் போன நேரம் தேடிப் படித்தேன்.

இரண்டுதான் சரி. ஆனால் மூன்று விரல் பொம்மைக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பார்னம் பிரவுண் என்பவர் 1902இல் இதன் எலும்புகளைக் கண்டெடுத்தார். 1905இல் பெயர் சூட்டினார்கள். 1915இல் நியூயோர்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையில் முழு எலும்புக்கூட்டை நிறுத்தியபோது அதன் கையெலும்புகள் முழுதாகக் கிடைத்திருக்கவில்லை. வேறொரு டைனோசரைப் பார்த்து மூன்று விரல் வைத்துவிட்டார்கள். உடலைச் செங்குத்தாக நிமிர்த்தி, வாலை நிலத்தில் இழுக்கவிட்டு, கங்காரு இருப்பதுபோல நிறுத்தினார்கள். உலகம் முழுக்கப் படம் வரைந்தவர்களும் பொம்மை செய்தவர்களும் அதைப் பார்த்தே செய்தார்கள்.

கை முழுதாகக் கிடைத்தது எப்போது தெரியுமா? 1988இல். கண்டுபிடித்தவர் பேராசிரியர் அல்ல, கதி வாங்கெல் என்ற பண்ணைக்காரப் பெண். குடும்பத்தோடு வெளியில் தங்கப் போன இடத்தில் மண்ணிலிருந்து ஒரு எலும்பு எட்டிப் பார்ப்பதைக் கண்டார். நூதனசாலைக்காரர் வந்து தோண்டினார்கள். ரைரனோசோரஸின் முழுமையான முன்கை உலகத்துக்கு முதன்முதலாகக் கிடைத்தது அப்படித்தான். நியூயோர்க் நூதனசாலையும் தொண்ணூறுகளில் தன் எலும்புக்கூட்டைக் கழற்றி, முதுகு கிடையாகவும் வால் காற்றில் நீட்டியபடியும் இருக்க மாற்றிப் பூட்டியது.

ஆகவே நிமிர்ந்து நின்று வாலை இழுக்கும் பொம்மை உங்கள் கையில் கிடைத்தால் அது பழைய அறிவில் செய்தது என்று ஊகிக்கலாம். ஊகிக்கலாம் என்றுதான் சொல்கிறேன். ஏனென்றால் இரண்டு காலில் நிற்கும் பொம்மை லேசில் நிற்காது. விழாமல் நிற்க வாலை மூன்றாவது காலாக நிலத்தில் ஊன்றிவிடும் பழக்கம் பிறகு வந்த நல்ல கம்பனிகளிடமும் இருந்தது.

கை திரும்பியிருக்கும் விதமும் ஒரு சோதனை. உள்ளங்கை நிலத்தைப் பார்த்தால் பிழை, ஒன்றையொன்று பார்த்தால் சரி. இதை வகுப்பில் விளங்கப்படுத்த நான் திண்டாடியபோது அக்காவே சொன்னார்: "மெஷினில சீலை தள்ளுற கை பிழை, கை தட்டுற கை சரி, அவ்வளவுதானே?" இன்றுவரை நான் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்கிறேன்.

ஸ்டெகோசோரஸ் என்றால் முதுகுத் தகடுகள் ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு வரிசையில் நிற்க வேண்டும், வாலில் நான்கு முள் இருக்க வேண்டும். திருவிழாக் கடைப் பொம்மையில் ஒரே வரிசைதான் இருந்தது. வெலோசிராப்ரர் என்று ஆள் உயரத்தில் படம் போட்டு விற்பது 1993இல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தின் வேலை. உண்மையில் அது வான்கோழி அளவுப் பிராணி. உடம்பில் இறகும் இருந்தது. இறகுத் தடம் பதிந்த டைனோசர் 1996இல் சீனாவில் கிடைத்த பிறகு பொம்மைக்காரரும் மெல்ல மெல்ல இறகு வைக்கத் தொடங்கினார்கள். வெலோசிராப்ரரின் கையெலும்பில் இறகு பொருந்திய புடைப்புகள் இருப்பதை 2007இல் காட்டினார்கள். அதன் பிறகும் மொட்டையாக விற்பவர்கள் படத்துக்காக விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் இருந்தவை எல்லாம் டைனோசரும் அல்ல. முதுகில் பாய்மரம் விரித்த டைமெற்றோடொன், டைனோசர் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்தது. உறவுமுறை பார்த்தால் அது டைனோசரைவிட எங்களுக்குத்தான் கிட்ட. பறக்கும் ரெரானொடொனும் கடலில் நீந்தும் பிளீசியோசோரும் வேறு இனங்கள். சடை யானையான மமத்தின் கடைசிக் கூட்டம் ஆர்க்டிக் கடலின் ஒரு தீவில் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்வரை உயிரோடு இருந்தது. ஸ்டெகோசோரசும் ரைரனோசோரசும் சண்டை பிடிப்பதாகப் பிள்ளைகள் விளையாடுவார்கள். விளையாடட்டும். ஆனால் ஸ்டெகோசோரஸ் வாழ்ந்து சுமார் எட்டுக் கோடி ஆண்டுகள் கழித்துத்தான் ரைரனோசோரஸ் வந்தது. அது அழிந்து 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. காலத்தில் அது ஸ்டெகோசோரசைவிட எங்களுக்கு அண்மையானது.

எந்தப் புத்தகத்திலும் இல்லாத மிருகம் ஒன்றும் திருவிழாக் கடைப் பையில் வந்தது. ஆமை முதுகும் கொடுக்கு வாலுமாக ஒரு விசித்திரம். அச்சு வார்த்தவர் கற்பனையில் செய்திருக்கிறார். இதைக் குறைவாக நினைக்க வேண்டாம். ஹொங்கொங்கில் செய்து மலிவாக விற்ற இப்படியான பெயரில்லாப் பொம்மைகள் சிலவற்றைப் பார்த்துத்தான் எழுபதுகளில் கேரி கைகாக்ஸ் என்ற அமெரிக்கர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்கு மூன்று பூதங்களை உருவாக்கினார். இன்றைக்கும் அவை அந்த விளையாட்டில் இருக்கின்றன.

நாற்பத்தைந்தில் ஒரு பங்கு

பெட்டியில் ஏழு பொம்மைகள் மற்றவற்றைப்போல இல்லை. ஒவ்வொன்றும் ஒரே நிறம். கண்ணுக்கு, பல்லுக்கு என்று தனி வர்ணம் கிடையாது. பாரம் கூட. வயிற்றுப் பக்கம் ஆங்கிலத்தில் மிருகத்தின் பெயரும், 'பிரிட்டிஷ் மியூசியம் - நச்சுரல் ஹிஸ்டரி' என்றும், 'இன்விக்டா' என்றும் பொறித்திருந்தது. பிள்ளைகள் இவற்றை முதலில் ஒதுக்கிவிட்டார்கள், பளபளப்பு இல்லாததால்.

இன்விக்டா இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் இருந்த பிளாஸ்ரிக் கம்பனி. 'மாஸ்டர்மைண்ட்' என்ற குண்டூசிப் பலகை விளையாட்டால் பெயர்பெற்றது. இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலைக்காக 1974 முதல் இந்த மிருகங்களை வெளியிட்டது. நூதனசாலையின் பெயரில் 'பிரிட்டிஷ் மியூசியம்' என்ற சொல் 1992இல் கைவிடப்பட்டது. ஆகவே அந்தச் சொல் பொறித்த அச்சு அதற்கு முற்பட்டது. பொம்மையின் வயதை அறிய வயிற்றைப் பார்க்க வேண்டும் என்று சேகரிப்பாளர்கள் சொல்வது இதற்காகத்தான்.

இவற்றின் பெரிய சிறப்பு அளவு. உண்மை மிருகத்தின் நாற்பத்தைந்தில் ஒரு பங்காகச் செய்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எலும்பு கிடைத்து, 1905இல் அச்சுப் பிரதி இலண்டனுக்கு வந்த டிப்ளொடோகஸ் 26 மீற்றர் நீளம். பொம்மைக் கணக்கில் 58 சென்ரிமீற்றர். (அந்தப் பிரதியின் வாலையும் 1993வரை நிலத்தில்தான் போட்டிருந்தார்கள், பிறகு தூக்கிவிட்டார்கள்.) அப்படியானால் மனிதர் எவ்வளவு? அக்காவின் அளவு நாடாவை வாங்கிக் கணக்குப் பார்த்தோம். என் உயரம் 157 சென்ரிமீற்றர். நாற்பத்தைந்தால் பிரித்தால் மூன்றரை. பிஸ்கற் பெட்டி மட்டையில் மூன்றரைச் சென்ரிமீற்றரில் என்னை வெட்டி, சிவப்புத் துணித் துண்டைச் சேலையாக ஒட்டி, ட்ரைசெரடொப்ஸ் பக்கத்தில் நிறுத்தினார்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்குத்தான் அவர்களுக்கு அந்த மிருகத்தின் பருமன் விளங்கியது. எனக்கும்தான்.

எல்லோரும் தங்கள் அம்மாவை, தங்கச்சியை வெட்டினார்கள். அந்தப் பையன் தாயிடம் போய் அப்பாவின் உயரம் கேட்டான். அக்காவின் கணவரை 2009 வைகாசியிலிருந்து காணவில்லை. நான் என்ன சொல்வாரோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் யோசிக்கவே இல்லை. "அஞ்சு அடி எட்டு அங்குலம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எத்தனை படிவத்தில எழுதியாச்சு தங்கச்சி" என்றார். 3.8 சென்ரிமீற்றர் வந்தது. பையன் வெட்டி, அதற்கு நீலக் காற்சட்டை வரைந்தான்.

அன்றிரவு அவன் தாயிடம் கேட்டிருக்கிறான். அக்கா அடுத்த நாள் மெஷினுக்குப் பக்கத்தில் என்னை இருத்திச் சொன்னார். "ஆறு கோடி வருசத்துக்கு முந்தின மிருகத்தின்ர எலும்பைக் கண்டுபிடிச்சிட்டினம். அப்பாவை ஏனம்மா கண்டுபிடிக்கேல்லை எண்டு கேக்கிறான்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள் அக்கா?"

"மிருகத்தைத் தேடுறதுக்கு ஆக்கள் இருக்கினம், அப்பாவைத் தேட நாங்கள்தான் இருக்கிறம் எண்டு சொன்னன். அவன் படுத்திட்டான். நான்தான் விடிய விடிய முழிச்சிருந்தன்."

எனக்குத் தந்த பயிற்சிக் கையேட்டில் இதற்குப் பதில் இருக்கவில்லை. நூல்கட்டையைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கூட இருந்தேன். அந்தப் பேச்சுக்குப் பிறகு அக்கா பொம்மைகளைப் பயமாக இருக்கிறது என்று சொன்னதே இல்லை. மாறாக, அவற்றைப் பற்றி ஒரு கொப்பி போட்டு எழுதத் தொடங்கினார்.

கடனோடு விட்டுப்போன தகப்பன்

கொப்பியில் அக்கா எழுதச் சொல்லி நான் சேகரித்த கதைகளில் அவருக்கு மிகப் பிடித்தது நீண்ட கழுத்துப் பிளீசியோசோரின் கதை. முழுமையான முதலாவது பிளீசியோசோரைக் கண்டெடுத்தவர் மேரி அனிங் என்ற ஏழைப் பெண். இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்ற சிற்றூரில் 1799இல் பிறந்தார். தகப்பன் தளபாடம் செய்யும் தச்சன். 1810இல் கடனை விட்டுவிட்டு இறந்தார். குடும்பம் ஊர்த் தேவாலய நிவாரணத்தில் சீவித்தது. கடற்கரைப் பாறையில் கிடைக்கும் உயிர்ச்சுவடுகளைப் பொறுக்கி உல்லாசப் பயணிகளுக்கு விற்பது தகப்பனின் உபதொழிலாக இருந்தது. தாயும் பிள்ளைகளும் அதையே சீவனோபாயம் ஆக்கினார்கள். அண்ணன் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டுபிடிக்க, மிச்ச உடலை 12 வயது மேரி தேடி எடுத்தார். அதுதான் இக்தியோசோர். 23 பவுணுக்கு விற்றார்கள்.

1823இல் பிளீசியோசோர் கிடைத்தது. கழுத்து இவ்வளவு நீளமாக இருக்க முடியாது, ஏதோ மோசடி என்று பிரான்சின் பெரிய அறிஞர் குவியே சந்தேகப்பட்டார். 1824இல் இலண்டன் புவிச்சரிதவியல் சங்கத்தில் கூடி ஆராய்ந்து உண்மை என்று ஏற்றார்கள். அந்தக் கூட்டத்தில் மேரிக்கு இடமில்லை. அந்தச் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்ததே 1919இல்தான். மேரி 1847இல் மார்புப் புற்றுநோயால் இறந்தார். 2022இல் அவருடைய ஊரில் சிலை வைத்தார்கள்.

"கண்டெடுத்தவவை உள்ளுக்கு விடேல்லை, கண்டெடுத்ததை மட்டும் எடுத்தவை" என்று அக்கா சொன்னார். நிவாரண வரிசைகளில் நின்ற எல்லோருக்கும் அவர் சொன்னது விளங்கியது.

பிழையான பொம்மையைத் தூக்கி எறியலாமா என்று வகுப்பில் ஒருநாள் பேச்சு வந்தது. நான் இலண்டன் கிரிஸ்டல் பலஸ் பூங்காவைப் பற்றிச் சொன்னேன். 1854இல் வாட்டர்ஹவுஸ் ஹோக்கின்ஸ் என்ற சிற்பி அங்கே டைனோசர்களையும் வேறு பழைய மிருகங்களையும் ஆளைவிடப் பெரிய சிலைகளாகச் செய்து நிறுத்தினார். ஒரு இகுவானொடொனின் அச்சுக்குள் மேசை போட்டு 1853 டிசெம்பர் 31ஆம் திகதி இரவு விருந்தும் வைத்தார்கள். அந்த இகுவானொடொனின் மூக்கில் ஒரு கொம்பு இருக்கும். 1878இல் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் முப்பதுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான் அது மூக்குக் கொம்பல்ல, கைப் பெருவிரலின் முள் என்று உறுதியானது. சிலையை உடைக்கவில்லை. மூக்குக் கொம்போடே இன்றைக்கும் நிற்கிறது, மிக உயர்ந்த தரத்தில் பாதுகாக்கப்படும் சின்னமாக. எங்கள் மூன்று விரல் ரைரனோசோரசும் பெட்டியில் தங்கியது. அக்கா கொப்பியில் 'கை பிழை, 1915 மாதிரி' என்று எழுதி வைத்தார்.

வாங்கும்போது

சகோதரிகள் சிலர் இதை வாசித்துவிட்டுத் திருவிழாக் கடையில் ஒரு பை வாங்கிக் கொடுக்கலாம் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்குச் சின்ன உருவங்கள் கொடுக்க வேண்டாம். மேலை நாடுகளில் 31.7 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு குழாய்க்குள் போட்டுப் பார்ப்பார்கள். முழுதாக உள்ளே போகும் பொருள் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆகாது. பழைய கமெரா பிலிம் டப்பா ஏறக்குறைய அந்த அளவு. வீட்டில் கிடந்தால் எடுத்து வைத்திருங்கள்.

மூக்கைப் பிடிக்கும் பிளாஸ்ரிக் மணம் அடித்தால், கையில் வர்ணம் ஒட்டினால் வாங்காதீர்கள். பிளாஸ்ரிக்கை மென்மையாக்கக் கலக்கும் தலேற்று என்ற இரசாயனத்தின் சில வகைகளை ஐரோப்பா 2005இல் சட்டம் போட்டுப் பிள்ளைகளின் பொருட்களில் கட்டுப்படுத்தியது. ஈயம் கலந்த வர்ணத்துக்காக 2007இல் பெரிய கம்பனிகளே தங்கள் பொம்மைகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தன. பெட்டியில் இருந்த பழைய மெதுமையான உருவங்கள் இரண்டு, வெயில் காலத்தில் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவற்றை எறிந்துவிட்டோம். அப்படிப் பிசுபிசுத்தவற்றைக் கழுவி மறுபடி பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்.

தகரக் கூரைச் சூட்டில் கால் வளைந்து விழும் பொம்மையை எறியத் தேவையில்லை. சருவச்சட்டியில் சுடுதண்ணீர் எடுத்து, காலை மட்டும் ஒரு நிமிடம் அமிழ்த்தினால் மெதுமையாகும். நேராக்கிப் பிடித்தபடி குளிர்ந்த தண்ணீரில் விட்டால் அப்படியே நிற்கும். இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். அந்தச் சட்டியைப் பிறகு சமையலுக்கு எடுக்கவும் வேண்டாம்.

தைக்கத் தெரிந்தவர்கள் துணியில் செய்யலாமே என்று கேட்பீர்கள். அக்கா முயன்றார். இலவம்பஞ்சு அடைத்து ஒரு டிப்ளொடோகஸ். கழுத்துத் தொங்கிப் போனது. உள்ளே ஈர்க்கு வைத்தார், நிமிர்ந்தது. ஆனால் ஒரு பிள்ளை கட்டிப்பிடித்தபோது ஈர்க்கு துணியைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. உருவி எடுத்துவிட்டார். தொங்கிய கழுத்தோடு அது முன்பள்ளிக்குப் போனது. வாழ்வாதாரம் ஆகும் என்று நான் கட்டிய கோட்டை அதோடு சரி.

பெறுமதி

2015இல் திட்டம் முடிந்தது. பொருட்களைப் பதிய வந்தவர் மெஷின்களையும் கதிரைகளையும் ஒவ்வொன்றாக எழுதினார். பெட்டியைப் பார்த்துவிட்டு 'பழைய விளையாட்டுப் பொருட்கள், பெறுமதியற்றவை' என்று ஒரு வரியில் முடித்தார். எரிக்கும் குவியலுக்குப் போகவிருந்ததை அக்காதான் உரப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த வருடமே இலண்டனிலிருந்து என் சித்தியின் மகள் வந்திருந்தாள். படங்களை அங்கே ஒரு சேகரிப்பாளருக்கு அனுப்பினாள். ஒரு நிற இன்விக்டா உருவங்களைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. வால் நுனி உடையாமல், பிறர் வர்ணம் பூசாமல், பல் பதியாமல் இருக்க வேண்டுமாம். அதேபோல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி நூதனசாலைக்காக 1988 முதல் 2015வரை வந்த உருவங்களையும் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். அவற்றை வடித்தவர் பொரஸ்ட் ரோஜர்ஸ் என்ற பெண் சிற்பி என்பதை அக்காவுக்குச் சொல்ல மறக்கவில்லை.

எங்கள் ஏழில் ஐந்துக்கு வால் நுனியோ கொம்போ இல்லை. பையனுக்கு மிகப் பிடித்த பிளீசியோசோரின் துடுப்பு முழுக்கப் பல்லடையாளம். உடையாமல் இருந்தவை ட்ரைசெரடொப்ஸ் இரண்டு. விற்பதா என்று தாய்மார் கூடிப் பேசினார்கள். ஒரு பகுதி, பிள்ளைகளின் பொருளை விற்கக்கூடாது என்றது. மற்றப் பகுதி, இரண்டு ஒரேமாதிரி எதற்கு என்றது. இரு பக்கமும் நியாயம் இருந்தது. கடைசியில் பிள்ளைகளிடமே கேட்டார்கள். ஒன்றை விற்கலாம், ஆனால் எதை என்று தாங்கள்தான் சொல்வோம் என்றார்கள். அரை மணித்தியாலம் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒன்றைத் தந்தார்கள். அந்தக் காசில் பழுதான மெஷின் ஒன்றுக்குப் பட்டியும் ஒரு பெட்டி நூல்கட்டையும் வந்தன.

அந்தப் பையனுக்கு இப்போது பதினெட்டு வயது முடிந்துவிட்டது. பொம்மைகளைத் தொடுவதில்லை. ஆனால் யாராவது சின்னப் பிள்ளை விரலைப் பிழையாகச் சொன்னால் திருத்தாமல் விடமாட்டான். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 மாசி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கிய நாளில் அக்கா அங்கே இருந்தார். அதன் பிறகும் கூப்பிட்ட போதெல்லாம் கணவரின் படத்தோடு போய்வருகிறார்.

பெட்டி அக்கா வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. அயல் பிள்ளைகள் வந்து எடுத்து விளையாடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் கொப்பியில் எழுத வேண்டும். போன மாதம் போனபோது இருவருமாக எண்ணிப் பார்த்தோம். 27இல் ஒன்று விற்றது, இரண்டு எறிந்தது. 24 இருக்க வேண்டும், 23தான் இருந்தது. அக்கா கொப்பியைப் புரட்டினார். 'ரெரானொடொன், செட்டை வெடிப்பு, ஒழுங்கைக் கடைசி வீட்டுப் பிள்ளை, சனிக்கிழமை தரவேணும்' என்று எழுதியிருந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. "நாளைக்குக் கேக்கிறன்" என்று சொல்லிப் பெட்டியை மூடினார்.